பின்பக்கம் இல்லாத கட்டடம்

சமத்துவம் என்ற சொல் வாட்ஸப்பில் வென்றது.

செங்குளப்பட்டி பள்ளியின் பழைய மாணவர்கள் பலர் வளைகுடா நாடுகளில் இருந்தார்கள். ஊர்ப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டித் தருவது என்று குழுவில் பேசி முடிவு செய்தார்கள். கட்டடம் என்றால் அதற்கு ஒரு கருத்து வேண்டும் என்று ஒருவர் எழுதினார். ஒழுக்கம், உழைப்பு, முன்னேற்றம் என்று பதில்கள் வந்தன. வாக்கெடுப்பு நடந்தது. சமத்துவம் வென்றது.

அதைக் கட்டடக் கலைஞர் கலைமதியிடம் கொண்டுவந்தவர் சிவசாமி. அபுதாபியில் கிரேன் கம்பெனி ஒன்றில் நெடுங்காலம் சூப்பர்வைசராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். இப்போது பள்ளிக் கமிட்டியின் தலைவர். புதுக்கோட்டையில் அவளுடைய அலுவலகத்துக்கு வந்தவர் உட்காரும் முன்பே சொன்னார்.

"பில்டிங்கப் பாத்தாலே சமத்துவம் தெரியணும் மேடம்."

"எப்படித் தெரியணும்?"

"அதக் கேக்கத்தானே ஒங்கள்ட்ட வந்திருக்கேன்."

போனில் படங்கள் காட்டினார். கப்பல் போல ஒரு பள்ளி. விரித்த புத்தகம் போல ஒன்று. உச்சியில் உலக உருண்டை வைத்த ஒன்று.

"மொட்டமாடியில பெருசா ஒரு தராசு வச்சா என்ன?"

"மழை பெஞ்சா தட்டுல தண்ணி நிக்கும் சார்."

சிவசாமி யோசித்தார். "ரெண்டு தட்டுலயும்தானே நிக்கும்."

கலைமதி சிரித்துவிட்டாள். வேலையை ஒப்புக்கொண்டாள்.

முதலில் அவள் வட்டம் வரைந்தாள். வட்டத்துக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. வகுப்பறைகள் எல்லாம் ஒரே அளவு. சட்டென்று கிடைத்த படம். சட்டென்று கிடைப்பதை அவள் நம்புவதில்லை. என்றாலும் சுருட்டி எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஆலங்குடி தாண்டி செங்குளப்பட்டிக்குப் போனாள்.

தலைமையாசிரியை சுகுணா படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"பெஞ்சு எப்படிப் போடுறது?"

"வளைச்சுப் போடலாம்."

"பெஞ்சு வளையாது மேடம். பிள்ளைகதான் வளையணும்."

கலைமதி படத்தை மறுபடியும் சுருட்டினாள்.

"பழைய பில்டிங்க ஒரு சுத்து சுத்திப் பாக்கவா?"

"பாருங்க. பின்னாடி மட்டும் வேணாம். நல்லா இருக்காது."

அவள் பின்னாடி போனாள்.

பள்ளி மேற்கே பஸ் ரோட்டைப் பார்த்து இருந்தது. அந்தப் பக்கச் சுவரில் புது வெள்ளை, இந்திய வரைபடம், மரம் வளர்க்கச் சொல்லும் வாசகம். கிழக்குச் சுவருக்குப் பூச்சே இல்லை. அதை ஒட்டிக் கழிப்பறை. கால் உடைந்த பெஞ்சுகளின் குவியல். துருப்பிடித்த அடிபம்பின் தலை. சத்துணவுக்கான ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. அதற்கும் அப்பால் காம்பவுண்டு சுவரில் கல் பெயர்ந்து ஒரு சந்து. சந்துக்கு வெளியே முந்திரிக் காடு. காட்டுக்குள்ளிருந்து ஒற்றையடிப் பாதை ஒன்று சந்துக்கு வந்து, கழிப்பறையைச் சுற்றிக்கொண்டு, கட்டடத்தின் முன்பக்கம் நோக்கிப் போனது. பிள்ளைகளின் கால்பட்டுத் தேய்ந்த பாதை.

கொட்டகை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். சத்துணவு சமைக்கும் காத்தாயி.

"இது பின்னாடிங்க. முன்னாடி அங்கிட்டு இருக்கு."

"தெரியும். நீங்க எங்கேர்ந்து வாரீங்க?"

காத்தாயி கீரைக் கொத்தால் முந்திரிக் காட்டைக் காட்டினார். "அங்கிட்டு. கீழக்காடு."

"அப்ப ஒங்களுக்கு இதானே முன்னாடி?"

காத்தாயி சிரித்தார். "எங்களுக்கு மொதல்ல வர்றது இதுதான். ஆனா பின்னாடிதாங்க."

கலைமதி அந்தச் சந்து வழியாக வெளியே போனாள். பாதையில் கொஞ்ச தூரம் நடந்து, திரும்பிப் பள்ளியைப் பார்த்தாள். கழிப்பறை தெரிந்தது. அதற்கு மேல் கட்டடத்தின் முதுகு தெரிந்தது.

அன்று வரைதாளின் மூலையில் ஒரே ஒரு வரி எழுதினாள். இந்தக் கட்டடத்துக்குப் பின்பக்கம் கிடையாது.

எழுதுவது எளிது. கழிப்பறையை எங்கே வைப்பது? சமையலறையை? உடைந்த பெஞ்சை? எந்தக் கட்டடமும் தனக்கு வேண்டாததை ஒரு பக்கம் தள்ளுகிறது. தள்ளிய பக்கம் பின்பக்கம் ஆகிறது. தள்ளாமல் இருக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் கண்முன் வைத்துக்கொள்ள வேண்டும்.

கழிப்பறைக்கு வழி சொன்னவர் சுகுணா.

"என் ரூமை ஒட்டி வைங்க."

"நாத்தம் வருமே டீச்சர்."

"அதுக்குத்தான். எனக்கு வந்தாத்தான் கழுவுவாங்க."

உடைந்த பெஞ்சுக்கு அறை இல்லை என்றாள் கலைமதி. உடைந்தால் சரிசெய்ய வேண்டியதுதான்.

"ஒடஞ்சதையும் இன்ஸ்பெக்சன்ல எண்ணிக் காட்டணும் மேடம். தூக்கிப் போட முடியாது."

"அப்ப மாடிப்படிக்குக் கீழ. கம்பிக் கதவு போட்டு. எல்லாருக்கும் தெரியட்டும்."

"இன்ஸ்பெக்டருக்குமா?"

"அவருக்கும்தான்."

சமையலறை கடைசியாக மிஞ்சியது. நான்கு பக்கமும் வகுப்பறைகள் வந்துவிட்டன. பக்கம் ஒன்றுக்கு நடுவில் ஒரு நடை, நேராக உள்ளே போகும் வழி. உள்ளே முற்றம். சமையலறைக்கு முற்றத்தின் நடுவைத் தவிர வேறு இடமில்லை. கலைமதி அங்கே ஒரு சதுரம் போட்டாள்.

"பத்து மணிக்கே தாளிக்கிற வாசம் வந்துரும்," என்றார் சுகுணா. "அப்பறம் எந்தப் பிள்ள கணக்குப் போடும்?"

"இப்ப போடுதா?"

"இப்பவும் போடல." சுகுணா படத்தை நெருக்கமாகப் பார்த்தார். "சரி, வைங்க."

கமிட்டிக் கூட்டத்துக்கு அட்டையில் மாதிரி செய்து கொண்டுபோனாள். மேசை நடுவில் வைத்தாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"முன்னாடி எது?" என்றார் சிவசாமி.

"நீங்க உக்காந்திருக்கிற பக்கம்."

அவர் மாதிரியைக் கால் வட்டம் திருப்பினார். பார்த்தார். இன்னும் கால் வட்டம் திருப்பினார். எதிரில் இருந்தவர், "நீ எத்தன தடவை திருப்புனாலும் மாமா, எனக்கும் அதேதான் தெரியுது," என்றார்.

சிவசாமி கையை எடுத்தார்.

"பேருக் கல்வெட்டு எங்க வரும்? கொடுத்தவங்க பேரெல்லாம் போடணும். கல்லு சொல்லியாச்சு."

"அதுக்கு இன்னும் எடம் கெடைக்கல சார்."

"கெடைக்கணும் மேடம். துபாய்ல மொதல்ல அதத்தான் கேப்பாங்க."

"கெடைக்கும்."

கூட்டம் ஒப்புக்கொண்டது. சிவசாமி கையெழுத்துப் போட்டுவிட்டு மாதிரியை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார்.

பழைய கட்டடத்தை இடித்தார்கள். வகுப்புகள் பக்கத்துச் சமுதாயக் கூடத்துக்குப் போயின. சத்துணவுக் கொட்டகை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. மேஸ்திரி அழகுமலை ஆட்களோடு வந்து அடித்தளத்துக்கு வானம் தோண்டினார். அடிமட்டம் செம்பாறாங்கல்லில் எழுந்தது. மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் அழகுமலை கலைமதிக்குப் போன் செய்தார்.

"மேடம், வாற வெள்ளிக்கெழமை நெலை வைக்கிறோம்."

"எந்த நிலை? நடைக்கெல்லாம் நிலை கிடையாதே. வெறும் திறப்புதானே ப்ளான்ல."

"ப்ளான்ல இல்லீங்க. ஆனா வந்து எறங்கியிருக்கு."

மறுநாள் உச்சிக்குச் சற்று முன் கலைமதி போனாள். முற்றமாகப் போகிற இடத்தில் மணல் பரப்பின் மேல் ஒரு வாசல் நிலை படுத்துக் கிடந்தது. பெரிய நிலை. கருத்த பர்மாத் தேக்கு. மேல் கட்டையில் யானைகளும் தாமரையும் நடுவில் ஒரு லட்சுமியும். காரைக்குடிப் பக்கம் இடித்த வீடு ஒன்றின் தலைவாசல். சிவசாமி ப்ளானில் மேற்கு நடையின் அகலத்தை அளந்து கொண்டுபோய், அதே அளவுக்குத் தேடி வாங்கி, குட்டியானை வண்டியில் ஏற்றி வந்திருந்தார்.

அவர் அதன் பக்கத்தில் நின்றார். புதுச் சட்டை போட்டிருந்தார்.

"என் பங்குக்கு, மேடம். கமிட்டிப் பணம் இல்ல."

அவர் முகத்தைப் பார்த்தபின் கலைமதி குனிந்து தாமரை இதழ் ஒன்றைத் தொட்டாள். நல்ல வேலை. உளிபட்ட இடமெல்லாம் இன்னும் கூர்மையாக இருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு சார்."

"மேற்கு வாசல்ல வச்சா ரோட்டுலேர்ந்தே தெரியும்."

"வச்சா அது முன்பக்கம் ஆயிரும்."

"ஆகட்டுமே."

"அப்ப கிழக்கு பின்பக்கம் ஆயிரும்."

சிவசாமி மணலைப் பார்த்தார். "கிழக்கயும் ஒண்ணு வாங்கிப் போட்டுருவோம்."

"இதே மாதிரி கெடைக்குமா?"

"இதே மாதிரி எங்க கெடைக்கும். இது ஒண்ணுதான்."

அழகுமலை சற்றுத் தள்ளி நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணுமில்ல மேடம். ஆனா நெலை பூசை போடாம சொவரு ஏத்துனா ஆளுக வேலைக்கு வரமாட்டாங்க. எங்கிட்டாவது ஒரு நெலைய நிப்பாட்டணும். அதுதான் பில்டிங்குக்கு வாசல்."

கலைமதி கிழக்கே பார்த்தாள். காம்பவுண்டின் சந்து இன்னும் இருந்தது. கீழக்காட்டுப் பிள்ளைகள் அதன் வழியாகத்தான் வருகிறார்கள். மேற்கில் இந்த நிலை நின்றுவிட்டால், நான்கு நடைகள் இருந்தும் ஒன்றுதான் வாசலாக இருக்கும். அவளுடைய படம் தாளில் மட்டும் சரியாக இருக்கும். இந்த மனிதர் ஆசையாக வாங்கிய பொருளை வேண்டாம் என்று சொல்லவும் அவளால் முடியவில்லை.

அப்போது சாப்பாட்டு மணி அடித்தது. சமுதாயக் கூடத்திலிருந்து பிள்ளைகள் தட்டோடு வந்தார்கள். காத்தாயி ஊற்றிய சாம்பாரோடு உட்கார இடம் தேடினார்கள். தண்ணீர் ஊற்றி இறுக்கிய ஈர மணல். படுத்துக் கிடந்த நிலை மட்டும் காய்ந்திருந்தது. அதன் நான்கு பக்கக் கட்டைகளிலும் வரிசையாக உட்கார்ந்து, உள்பக்கம் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

"டேய், எந்திரிங்கடா. வாச நெலை மேல உக்காரக் கூடாது," என்றார் சிவசாமி.

யாரும் எழவில்லை. ஒரு சிறுமி மட்டும் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள், அவருக்கென்று நினைத்து.

கலைமதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலை கிடந்த இடம் சமையலறையின் அடித்தளத்துக்கு மேல்தான். மணல் சமமாக இருந்ததால் வண்டிக்காரர் அங்கே இறக்கியிருந்தார்.

"சார், இத சமையலறைக்கு வச்சா?"

சிவசாமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரல் மாறியது. "சமையக்கட்டுக்கா? என்ன மேடம் பேசுறீங்க. கல்யாண மாப்ளைக நொழஞ்ச வாசல் இது. இதுல சாம்பார் வாளி போறதா?"

பிள்ளைகளோடு வந்திருந்த சுகுணா தட்டுகளைப் பார்த்தபடியே சொன்னார். "மாப்ள வருசத்துக்கு ஒருத்தர் நொழஞ்சிருப்பாரு. இங்க தெனம் இத்தன பேரு நிப்பாங்க."

"ரோட்டுல இருந்தா ஊரே பாக்கும் டீச்சர்."

"பஸ்ஸுல போறவன் பாப்பான். நம்ம பிள்ளைகள்ல பாதிப் பேரு கிழக்க இருந்து வாரது. அதுக பாக்காது. சோத்துக்கு எல்லாப் பிள்ளையும் வரும் சார்."

சிவசாமி நிலையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிள்ளைகளின் முதுகுகளைத் தாண்டி லட்சுமியைப் பார்த்தார்.

"மழை படாதுல்ல உள்ள இருந்தா?"

"சுத்தி வராண்டா வருது. படாது," என்றாள் கலைமதி.

"செதலு?"

"கல்லு மேல நிக்கும்."

மறுபடியும் ஒரு சுற்று வந்தார். "சரி. வைங்க."

அழகுமலை வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். "சரி மேடம். மொகம் எங்கிட்டு?"

கலைமதி அதை நினைத்திருக்கவில்லை. நிலைக்குச் செதுக்கிய முகம் ஒன்றுதான். மறுபக்கம் மொட்டைக் கட்டை. நான்கு பக்கத்திலிருந்தும் விரட்டிய பின்பக்கம் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. அவள் அதை ஒத்துக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் வச்சாலும் ஒரு பக்கம் முதுகுதான். நான் ப்ளான்ல பாக்கல."

"சமைக்கிறவங்களக் கேளுங்க," என்றார் சுகுணா.

காத்தாயி கரண்டியோடு வந்தார். விஷயத்தைச் சொன்னார்கள். அவர் நிலையைப் பார்த்தார், கிழக்கே பார்த்தார்.

"அங்கிட்டு வச்சா, ஆடு யாரு கொல்லையில மேயுதுன்னு இங்கன இருந்தே பாத்துக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிவசாமியும். "ஒன் ஆடு என் கொல்லையிலதான் மேயுது காத்தாயி. அதுக்கு லட்சுமி வேறயா?"

"அதுனாலதான் அண்ணே பாக்கணுங்கிறேன்."

"மேக்காத்துக்கும் அதான் தேவல," என்றார் அழகுமலை. "மேற்க வாசல் வச்சா ஆடி மாசம் அடுப்ப அணைச்சுப்புடும்."

சிரிப்பு அடங்கியதும் சிவசாமி மேற்கே திரும்பி ரோட்டைப் பார்த்தார்.

"அப்ப பஸ்ஸ விட்டு எறங்கி உள்ள வாரவனுக்கு என்ன தெரியும்?"

"சமையலறைச் சுவர்," என்றாள் கலைமதி.

"வெறும் செவரா?"

அவள் அந்தச் சுவரை மனதில் கட்டிப் பார்த்தாள். நடையின் நிழல். அதன் முடிவில் வெயில். வெயிலில் ஒரு சுவர்.

"வெறுஞ் சுவர் இல்ல சார். பேருக் கல்வெட்டு அங்க."

சிவசாமி மேற்கு நடைக்கான திறப்பில் போய் நின்று அங்கிருந்து பார்த்தார். பார்ப்பதற்கு இன்னும் சுவர் எழவில்லை. மணலும் பிள்ளைகளும்தான் இருந்தார்கள். கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தார். பிறகு தலையாட்டினார்.

"நேராத் தெரியும்," என்றார்.

அழகுமலை சுண்ணாம்புப் பொடியால் சமையலறையின் வாசலை அகலமாக்கிக் கோடு போட்டார்.

வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன் பூசை. நிலையின் அடியில் நவதானியம் போட்டார்கள். மாவிலை கட்டினார்கள். ஆட்கள் சேர்ந்து தூக்க, அழகுமலை தூக்குக்குண்டு விட்டுச் சரிபார்த்தார். மஞ்சளை முதலில் யார் பூசுவது என்ற பேச்சு எழவில்லை. தட்டு சுகுணாவின் கையில் இருந்தது. அவர் அதைக் காத்தாயியிடம் நீட்டினார். காத்தாயி ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு மஞ்சளைத் தொட்டார். சிவசாமி சூடம் கொளுத்தினார்.

அதற்குப் பிறகு சுவர்கள் வேகமாக ஏறின.

பள்ளி ஜூனில் திறந்தது. கலைமதி காலையிலேயே வந்து கிழக்குப் பக்கம் நின்றாள். காம்பவுண்டில் சந்து இருந்த இடத்தை அடைத்து, நடைக்கு நேராகப் பெரிய கேட் போட்டிருந்தார்கள். கேட் திறந்துதான் கிடந்தது. கீழக்காட்டுப் பிள்ளைகள் முந்திரிக் காட்டிலிருந்து வந்தார்கள். பழைய பழக்கத்தில் சந்து இருந்த இடத்துக்குப் போனார்கள். அடைத்த சுவரைப் பார்த்து நின்றார்கள்.

பின்னால் வந்த காத்தாயி, "அங்கிட்டு எங்கடி போறீங்க, இங்கிட்டு வாங்க," என்றார்.

பிள்ளைகள் கேட்டுக்கு வந்தார்கள். நடையின் மறுமுனையில் யானைகளும் தாமரையும் தெரிந்தன. முன்னால் நின்ற சிறுமி கொஞ்சம் தயங்கினாள். பிறகு ஓடினாள். மற்றவர்களும் ஓடினார்கள். நடைக்குள் காலடிச் சத்தம் பெரிதாகக் கேட்டது. மேற்கு நடையிலிருந்தும் அதே சத்தம் வந்தது.

கலைமதி கட்டடத்தைச் சுற்றி வந்தாள். வேண்டாததை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று தேடினாள். தெற்குப் பக்கம் வேப்பமரத்தடியில் இரண்டு சிமெண்டுச் சாக்கும் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் கிடந்தன. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படிக்குக் கீழே, கம்பிக் கதவுக்குள் வைத்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு பெஞ்சு இருந்தது. தலைமையாசிரியையின் அறைப் பக்கம் பினாயில் வாசம் அடித்தது.

மதியம் விருந்து. பாயசம் உண்டு. சமையலறையின் கிழக்கு வாசலில் தொடங்கிய வரிசை அதைச் சுற்றி வளைந்து மேற்குச் சுவருக்கு வந்து முடிந்தது. கடைசியில் சிவசாமி தட்டோடு நின்றார். அவருக்கு நேராகக் கல்வெட்டு.

காத்தாயி வாசலிலிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். "அண்ணே, நீங்க ஏன் அங்கன நிக்கிறீங்க? முன்னாடி வாங்க."

"இருக்கட்டும்," என்றார் சிவசாமி. "படிச்சுக்கிட்டிருக்கேன்."

வரிசை நகர்ந்தது. அவர் இன்னும் இரண்டு பெயர் படித்துவிட்டு நகர்ந்தார்.